உருளைக்கிழங்கு மசியல்

உருளைக்கிழங்கு மசியல் என்பது வேகவைத்துத் தோல் உரித்த உருளைக்கிழங்கை மசித்து, எண்ணெயில் தாளித்த கடுகு, பருப்பு, வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய் முதலியவற்றைச் சேர்த்துச் செய்யப்படும் தமிழர் தொடுகறி ஆகும். சாம்பார் சாதம், ரசம் சாதம், தயிர்ச் சாதம் ஆகியவற்றுக்கும் சப்பாத்திக்கும் இது துணையாகப் பரிமாறப்படுகிறது. மேலை நாடுகளில் மசித்த கிழங்குடன் வெண்ணெயும் பாலும் சேர்ப்பர். தமிழ்நாட்டு மசியலில் அவற்றின் இடத்தைத் தாளிப்பு எடுத்துக்கொள்கிறது. எளிய கறி எனினும், இதில் தவறு நேர வாய்ப்பு அதிகம். மசியல் பசைபோல் இழுபடுவதும், இனித்துப்போவதும், நண்பகலுக்குள் ஊசிப்போவதும் பலரும் கண்டவையே. இம்மூன்றுக்கும் உரிய காரணங்கள் கீழே விளக்கப்படுகின்றன.

பெயரும் உறவுக் கறிகளும்

மசித்துச் செய்வது மசியல். கீரை மசியல், சேனை மசியல், கருணைக்கிழங்கு மசியல் என இச்சொல் உருளைக்கிழங்குக்கு முன்பே தமிழ்ச் சமையலறையில் வழங்கியது. கருணைக்கிழங்கில் உள்ள கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்கள் நாக்கையும் தொண்டையையும் அரிக்கச் செய்வதால், அதன் மசியலில் புளியோ எலுமிச்சைச் சாறோ தவறாமல் இடம்பெறும். உருளைக்கிழங்கு அரிப்பதில்லை. ஆயினும் உருளைக்கிழங்கு மசியலின் மேல் எலுமிச்சை பிழியும் வழக்கம் உள்ளது. பழைய மசியலின் சுவைப் பழக்கம் புதிய கிழங்குக்கும் தொடர்ந்தது என்று கருத இடமுண்டு.

மசியலை உதிரியாக, நீர்ப்பசை இன்றிச் செய்தால் அது பொடிமாஸ் எனப்படும். ஒன்றரைக் குவளை நீர் விட்டு, சிறிது கடலை மாவு கரைத்து ஊற்றிக் கொதிக்க விட்டால் பூரிக் கிழங்கு ஆகும். இதைப் பூரி மசாலா என்றும் அழைப்பர். வெங்காயம் மிகுத்து, கட்டியாகச் செய்தால் மசாலா தோசையின் உள்ளீடாகும். ஆகவே இவை நான்கும் தனித்தனிக் கறிகள் என்பதைவிட, நீரின் அளவையும் மசித்த அளவையும் மாற்றிப் பெறும் ஒரே கறியின் நான்கு நிலைகள் என்பது பொருத்தம்.

கிழங்கின் வருகை

உருளைக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைத்தொடர். இன்றைய பெரு, பொலிவியா நாடுகளின் மலைவாழ் மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பயிரிட்டனர். 16ஆம் நூற்றாண்டில் எசுப்பானியர் வழியே ஐரோப்பாவை அடைந்த கிழங்கு, பின்னர் ஐரோப்பியக் கடலோடிகள் வழியே இந்தியாவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் இதன் பயிர் வேரூன்றியது நீலகிரியில் ஆகும். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன், 1820களில் உதகமண்டலத்தில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடத் தொடங்கியபோது உருளைக்கிழங்கும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. கேரட், பீன்ஸ், முட்டைக்கோசு ஆகியவற்றுடன் இதுவும் நெடுங்காலம் 'இங்கிலீஷ் காய்கறி' எனப்பட்டது. திவசச் சமையலில் உருளைக்கிழங்கைச் சேர்க்காத குடும்பங்கள் இன்றும் உள்ளன.

கிழங்கு மட்டும் வெளியிலிருந்து வந்ததன்று. மிளகாய், முந்திரி, நிலக்கடலை ஆகியவையும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. நிலக்கடலை எண்ணெயில் தாளித்து, பச்சை மிளகாயும் முந்திரியும் போட்ட உருளைக்கிழங்கு மசியலில் கடுகு, உளுந்து, மஞ்சள், இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவையே பழைய உலகத்துப் பொருட்கள். எனினும் தாளிப்பின் மணம் எழுந்ததும் இதை அயல்நாட்டுக் கறி என்று யாரும் நினைப்பதில்லை.

கம்மாபுரம் – நெய்வேலி வட்டாரத்தில்

கம்மாபுரம் கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் அருகில் அமைந்த ஊர். இதே பெயரில் ஊராட்சி ஒன்றியம் ஒன்றும் உள்ளது. இவ்வட்டாரச் சமவெளியில் உருளைக்கிழங்கு விளைவதில்லை. இரவு வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்கு மேல் நீடித்தால் செடி தழைக்குமேயன்றி, மண்ணுக்கடியில் கிழங்கு நன்கு திரளாது. எனவே இங்கு விற்கப்படும் கிழங்கு முழுவதும் மேட்டுப்பாளையம் சந்தை வழியே நீலகிரியிலிருந்தோ, கருநாடகத்திலிருந்தோ, வட இந்தியாவிலிருந்தோ வருவது ஆகும்.

ஆனால் மசியலுக்கான மற்ற பொருட்கள் அருகிலேயே விளைகின்றன. பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிகளின் செம்மண் நிலங்கள் முந்திரிக்குப் பெயர் பெற்றவை. நிலக்கடலையும் இங்கு பரவலாகப் பயிராகிறது. விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம், முந்திரியிலும் நிலக்கடலையிலும் 'வி.ஆர்.ஐ.' என்ற முன்னொட்டுடன் இரகங்களை வெளியிட்டுள்ளது. மசியலில் முழு முந்திரிக்கு மாறாக விலை குறைந்த உடைந்த முந்திரியைப் போடலாம். சுவையில் வேறுபாடு இல்லை.

1956இல் நிறுவப்பட்ட நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் (2016 முதல் என்.எல்.சி. இந்தியா நிறுவனம்) இவ்வட்டாரச் சமையலை எரிபொருள் வழியாகவும் தொட்டது. பழுப்பு நிலக்கரியைத் தூளாக்கி, அழுத்திக் கட்டிகளாக்கி, காற்றுப் புகாமல் சூடேற்றிக் கரியாக்கிய 'லெக்கோ' என்னும் எரிபொருள் இங்கு உற்பத்தியானது. புகை குறைவாகவும், வெப்பம் சீராகவும் இருந்ததால் வீடுகளிலும் உணவகங்களிலும் கரி அடுப்புகளில் இது பயன்பட்டது. சமையல் எரிவாயு பரவியபின் இதன் தேவை குறைந்தது. உற்பத்தியும் பின்னர் நிறுத்தப்பட்டது. இத்தகைய கரி அடுப்பில் தழல் சட்டென எழுவதோ அடங்குவதோ இல்லை. முழுக் கிழங்கு உள்வரை வேகவும், தாளிப்புக்குப் பின் மசியல் அடிப்பிடிக்காமல் சுண்டவும் அது ஏற்றது. எரிவாயு அடுப்பில் அதே பயனைப் பெற, தீயைக் குறைத்து வைத்துக் கனமான இரும்பு வாணலியைப் பயன்படுத்தினால் போதும்.

கிழங்கைத் தேர்ந்தெடுத்தல்

உருளைக்கிழங்கு இரகங்களை மாவுத் தன்மை மிக்கவை, மெழுகுத் தன்மை மிக்கவை என இரு முனைகளுக்கு இடையே வரிசைப்படுத்தலாம். முதல் வகையில் மாவுப்பொருள் மிகுதி, நீர் குறைவு. வெந்ததும் தானே வெடித்து உதிரும். இரண்டாம் வகை வெந்தபின்னும் துண்டு குலையாது. குருமாவுக்கும் வறுவலுக்கும் ஏற்றது. மசியலுக்கு மாவுக் கிழங்கே சிறந்தது.

இதை அறிய ஒரு சிறு சோதனை உண்டு. 11 பங்கு நீரில் 1 பங்கு உப்பைக் கரைத்து அதில் கிழங்கை இட வேண்டும். மாவுப்பொருள் நீரைவிட அடர்த்தி மிக்கது என்பதால், மாவுக் கிழங்கு மூழ்கும். மெழுகுக் கிழங்கு மிதக்கும். பள்ளி ஆய்வகத்தில் அடர்த்தியைக் கற்பிக்கவும் இச்சோதனை உதவும்.

இனிப்பது ஏன் என்பதற்கான விடை கிடங்கில் உள்ளது. வட இந்தியச் சமவெளியில் சனவரி முதல் மார்ச்சு வரை அறுவடையாகும் கிழங்கு, குளிர்பதனக் கிடங்குகளில் வைக்கப்பட்டு ஆண்டின் இறுதிவரை விற்பனைக்கு வருகிறது. 2 முதல் 4 பாகை செல்சியசு வெப்பநிலையில் கிழங்கு முளை விடுவதில்லை. ஆனால் அதன் மாவுப்பொருளில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. அக்கிழங்கில் செய்த மசியல் இனிக்கும்; வறுத்தால் விரைவில் கருகும். வாங்கிய கிழங்கை வீட்டில் குளிர்பெட்டிக்குள் வைத்தாலும் இதுவே நேரும். இனித்த கிழங்கை இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் இரண்டு மூன்று வாரம் சாதாரண வெப்பநிலையில் வைத்தால் சர்க்கரையில் ஒரு பகுதி மீண்டும் குறையும். நீலகிரியில் ஆண்டுக்கு மூன்று பருவங்களில் பயிரிடப்படுவதால், மண் ஒட்டிய புதுக் கிழங்கு எந்த மாதத்திலும் ஓரளவு கிடைக்கும். சற்று விலை கூடினாலும் மசியலுக்கு இதையே வாங்குவது நல்லது.

நீலகிரிக் கிழங்குக்கும் சோதனை வராமல் இல்லை. வேர்களைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961இல் அங்கு கண்டறியப்பட்டது. உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் பணியில் இப்புழுவைத் தாங்கும் இரகங்களை உருவாக்குவது முக்கிய இடம் பெற்றது. குஃப்ரி சுவர்ணா அவ்வாறு வந்த இரகம் ஆகும்.

ஒளி பட்டுப் பச்சை நிறமேறிய கிழங்கையும், நீண்ட முளை விட்டுச் சுருங்கிய கிழங்கையும் தவிர்க்க வேண்டும். பச்சை நிறம் பச்சையத்தால் வருவது; அது தீங்கற்றது. ஆனால் அதே ஒளி சோலனைன் முதலிய நச்சுப் பொருட்களையும் தோலுக்கடியில் பெருக்குகிறது. வேகவைப்பதால் இந்நச்சு அழிவதில்லை. சிறிதளவு பச்சையை ஆழமாகச் சீவி நீக்கலாம்; கசக்கும் கிழங்கைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

மசிதலின் இயற்பியல்

கிழங்கு என்பது மாவுமணிகள் நிறைந்த உயிரணுக்களின் தொகுதி. அணுச் சுவர்களைப் பெக்டின் என்னும் பொருள் ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கிறது. வேகும்போது இரண்டு நிகழ்கின்றன. ஏறத்தாழ 60 முதல் 70 பாகை செல்சியசில் மாவுமணிகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. வெப்பம் இன்னும் உயர்ந்து கொதிநிலையை நெருங்கும்போது பெக்டின் இளகிக் கரைகிறது. முன்னது மட்டும் நடந்து பின்னது நடக்காவிடில், கிழங்கு வெந்தது போலத் தோன்றும், மசியாது.

நல்ல மசியலில் உயிரணுக்கள் உடையாமல் தனித்தனியே பிரிந்திருக்கும். நாக்குக்கு அது மிருதுவாகப்படும். அணுக்கள் உடைந்தால் உள்ளிருக்கும் உப்பிய மாவு வெளியேறி, சுவரொட்டிக்குக் காய்ச்சும் பசையைப் போல் இழுபடும். மிக்சியின் கூர்மையான தகடுகள் செய்வது இதைத்தான். எனவே மசியலுக்கு மிக்சி ஆகாது. மரமத்து அல்லது குழிக்கரண்டியின் அடிப்பாகம் போதும். சூடாக இருக்கும்போதே மசிக்க வேண்டும் என்பதன் காரணமும் இதுவே. ஆறும்போது பெக்டின் மீண்டும் இறுகுகிறது. அப்போது அழுத்தினால் அணுக்கள் பிரிவதற்கு மாறாகக் கிழிகின்றன.

இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. பெக்டின் புளிப்பான நீரில் எளிதில் கரைவதில்லை. புளிக்குழம்பிலோ தக்காளி நீரிலோ பச்சைக் கிழங்கை இட்டால், எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் கடினமாக இருப்பது இதனால்தான். மசியலில் எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழிய வேண்டும் என்று பாட்டிமார் கூறுவதற்கு நறுமணம் ஆவியாகாமல் காப்பதும் எலுமிச்சை கசக்காதிருப்பதும் காரணங்களாகச் சொல்லப்படும். தக்காளி போட விரும்புவோர் கிழங்கைத் தனியே முழுவதும் வேகவைத்தபின் சேர்க்க வேண்டும் என்ற விதிக்கு அடிப்படை பெக்டின் ஆகும்.

மாவுப் பசையைத் தவிர்க்கும் இதே அறிவு பெருந்தொழிலிலும் பயன்பட்டது. 1950களில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பிலடெல்பியா ஆய்வுக்கூடத்தில் உலர் உருளைக்கிழங்குச் செதில் உருவாக்கப்பட்டபோது, கிழங்கை முதலில் 70 பாகை அளவில் மட்டும் சூடேற்றி, குளிர்வித்து, அதன்பின் முழுமையாக வேகவைக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. இடையில் குளிர்விப்பதால் மாவு உள்ளேயே இறுகி, பின்னர் அணு உடைந்தாலும் பசையாக வழிவது குறைகிறது.

செய்முறை

நால்வருக்குத் தேவையான அளவு வருமாறு: நடுத்தர அளவுள்ள உருளைக்கிழங்கு அரைக் கிலோ, தோல் உரித்த சின்ன வெங்காயம் 100 கிராம், பச்சை மிளகாய் 3, இஞ்சி ஓர் அங்குலத் துண்டு, நிலக்கடலை எண்ணெய் 2 மேசைக்கரண்டி, கடுகு 1 தேக்கரண்டி, உளுத்தம்பருப்பு 1 தேக்கரண்டி, கடலைப்பருப்பு 2 தேக்கரண்டி, உடைத்த முந்திரி ஒரு கைப்பிடி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, பெருங்காயத்தூள் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை ஓர் இணுக்கு, கொத்தமல்லித்தழை, எலுமிச்சை அரை மூடி, உப்பு ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல்.

கிழங்கை மண் போகக் கழுவி, தோலுடன் முழுதாகவே வேகவைக்க வேண்டும். நறுக்கி வேகவைத்தால் நீர் உள்ளேறும். உயிர்ச்சத்து சி-யும் பொட்டாசியமும் நீருக்குப் போகும். பாத்திரத்தில் வேகவைப்பதாயின் குளிர்ந்த நீரிலேயே கிழங்கை இட்டுச் சூடேற்றுவது நலம். கொதிநீரில் இட்டால் உள்பகுதி வேகுமுன் வெளிப்பகுதி குழைந்துவிடும். அழுத்தக் குக்கரில் மூன்று அல்லது நான்கு விசில் போதும். குக்கருக்குள் வெப்பநிலை ஏறத்தாழ 120 பாகை வரை உயர்வதால் பெக்டின் விரைந்து கரைகிறது. ஒரு விசில் கூடினாலும் தோல் வெடித்து நீர் குடித்துவிடும். குறைவாக வெந்த கிழங்கை மீண்டும் வேகவைக்கலாம். நீர் குடித்த கிழங்குக்குச் செய்யக்கூடியது அதைப் பூரிக் கிழங்காக மாற்றுவது ஒன்றே.

நீரை வடித்து, மூடியின்றி இரண்டு நிமிடம் வைத்தால் மேலுள்ள ஈரம் ஆவியாகும். கை பொறுக்கும் சூட்டில் தோலை உரித்து, உப்பும் மஞ்சள்தூளும் தூவி உடனே மசிக்க வேண்டும். முழுவதும் மாவாக்காமல், நெல்லிக்காய் அளவுத் துண்டுகள் சில இடையே இருக்குமாறு விடுவது வழக்கம். உப்பைச் சூட்டிலேயே சேர்த்தால் சீராகப் பரவும்.

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகை இட்டு வெடிக்க விட்டு, கடலைப்பருப்பு, பின் உளுத்தம்பருப்பு, அதன்பின் முந்திரி என்ற வரிசையில் சேர்க்க வேண்டும். கடலைப்பருப்பு சிவக்க நேரம் எடுக்கும். முந்திரி நொடியில் கருகும். மூன்றையும் ஒன்றாகக் கொட்டினால் ஒன்று கருகும் அல்லது ஒன்று பல்லில் கடிபடும். பெருங்காயம், கறிவேப்பிலை, நறுக்கிய இஞ்சி, கீறிய மிளகாய், வெங்காயம் ஆகியவற்றை வதக்கி, வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் கால் குவளை நீர் தெளித்து, மசித்த கிழங்கைச் சேர்த்துக் கிளற வேண்டும். தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் வைத்தால், கிழங்கு தாளிப்பின் எண்ணெயை ஏற்று, அடியில் மெல்லிய பொன்னிறப் படலம் பிடிக்கும். அதைச் சுரண்டி மசியலுடன் கலப்பதே இக்கறியின் சுவைக்கு முதற்காரணம். இறக்கியபின் எலுமிச்சை பிழிந்து கொத்தமல்லித்தழை தூவலாம்.

சேர்மானங்கள்

வேகவைத்த பச்சைப் பட்டாணி சேர்ப்பது பரவலான வழக்கம். தேங்காய்த் துருவல் பொடிமாசுக்கு உரியது. பச்சை மிளகாய்க்கு மாறாக, இடித்த மிளகும் சீரகமும் போட்டால் ரசத்துடன் பொருந்தும். வெந்தயக் கீரை அல்லது முருங்கைக் கீரையை வதக்கிக் கலந்தால் கிழங்கின் மந்தம் குறையும் என்பர்; எப்படியாயினும் கிழங்கில் குறைவாக உள்ள இரும்புச்சத்தும் கால்சியமும் இதனால் கூடும். வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த நிலக்கடலையும் நன்கு சேரும். வேகவைத்த கிழங்கில் 100 கிராமுக்குப் புரதம் ஏறத்தாழ 2 கிராம் மட்டுமே என்பதால், சோற்றுக்குத் துணையாக மசியலை மட்டும் உண்ணும் வீடுகளில் பருப்பு, கடலை, முட்டை இவற்றுள் ஒன்றைக் கலப்பது வெறும் சுவைக்காக மட்டும் அன்று. வதக்கிய வெங்காயத்தில் முட்டையை உடைத்து ஊற்றி, உதிரியானதும் மசியலைச் சேர்ப்பர்.

சோம்பு, பட்டை, கிராம்பு போடுவது குறித்து ஒருமித்த வழக்கம் இல்லை. அவை சேர்ந்தால் கறி குருமாவின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

கட்டுச்சோற்றில் மசியல்

சுரங்கமும் அனல்மின் நிலையங்களும் இரவும் பகலும் ஷிப்டு முறையில் இயங்கும் நெய்வேலி போன்ற இடத்தில், சமைத்த உணவு உண்ணப்படும் நேரத்துக்கும் சமைத்த நேரத்துக்கும் இடையே பல மணி நேரம் கழியலாம். மசியல் இவ்விடைவெளியை நன்கு தாங்கும் கறி அன்று. பாசில்லசு சீரியசு முதலிய சில நுண்ணுயிர்களின் விதைத்துகள்கள் கொதிநிலையிலும் சாவதில்லை. ஈரமும் மாவும் நிறைந்த கறி வெதுவெதுப்பாக இருக்கும்போது அவை முளைத்துப் பெருகுகின்றன. கோடையில் கடலூர் மாவட்டத்தின் உட்பகுதிகளில் வெயில் 38 பாகையைத் தாண்டும் நாட்களில் இது விரைந்து நடக்கும். ஊசிய நாற்றம் வருமுன்னரே நச்சு உருவாகியிருக்கலாம். அந்நச்சு மீண்டும் சூடாக்குவதால் எப்போதும் நீங்குவதும் இல்லை.

எனவே கட்டுச்சோற்றுக்கு மசியலைவிடப் பொடிமாசே மேல். தேங்காயும் தண்ணீரும் சேர்க்காமல், வெங்காயத்தை நன்கு சிவக்க வதக்கி, வாணலியில் ஈரம் சுண்டும்வரை கிளறி, அகன்ற தட்டில் பரப்பி விரைவாக ஆறவைத்து, ஈரமற்ற பாத்திரத்தில் அடைக்க வேண்டும். ஆவியுடன் மூடினால் மூடியில் நீர் கோத்துக் கறிமேல் சொட்டும். எலுமிச்சையின் புளிப்பு நுண்ணுயிர்ப் பெருக்கத்தைச் சிறிது தாமதப்படுத்தலாம். அதை நம்பிக் காலையில் செய்ததை இரவுவரை வைத்திருக்கக் கூடாது. குளிர்பெட்டியில் வைத்த மசியல் மறுநாள் கட்டிதட்டிப்போகும். மாவு மூலக்கூறுகள் மீண்டும் அடுக்கமைவதே காரணம். சிறிது நீர் தெளித்து ஆவி பறக்கச் சூடாக்கினால் இளகும். மீந்ததைச் சப்பாத்திக்குள் வைத்துத் தேய்ப்பதும், போண்டாவுக்கு உருட்டுவதும் வழக்கமான பயன்பாடுகள்.

பிற நாடுகளில்

வங்காளத்திலும் வங்காளதேசத்திலும் மசித்த கிழங்குடன் பச்சைக் கடுகெண்ணெய், வெங்காயம், வறுத்த மிளகாய் ஆகியவற்றைப் பிசைந்து 'ஆலு பர்த்தா' செய்வர். பீகாரில் இதுபோன்றது 'சோக்கா'. இவற்றில் தாளிப்பு இல்லை. கடுகெண்ணெயின் காரமே மணம் தருகிறது. அயர்லாந்தின் 'கொல்கனன்' மசித்த கிழங்குடன் முட்டைக்கோசு அல்லது அதன் உறவான கீரையைச் சேர்ப்பது. நெதர்லாந்தில் கேரட், வெங்காயம் கலந்த 'குட்சுபோட்' இலைடன் நகரில் ஆண்டுதோறும் அக்டோபர் 3 அன்று உண்ணப்படுகிறது. 1574இல் அந்நகரை முற்றுகையிட்ட எசுப்பானியப் படை விட்டுச்சென்ற பாத்திரத்தில் இருந்த கறியே இது என்பது அங்குள்ள கதை. அக்காலத்தில் நெதர்லாந்தில் உருளைக்கிழங்கு பரவவில்லை என்பதால், முதல் கறியில் வேறு கிழங்கு இருந்திருக்க வேண்டும்.

இலங்கையில் நுவரெலியா, வெலிமடை ஆகிய மலைப்பகுதிகளுடன் யாழ்ப்பாணத்திலும் உருளைக்கிழங்கு விளைகிறது. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, யாழ்ப்பாண விவசாயிகளுக்கு மிளகாய், வெங்காயத்துடன் உருளைக்கிழங்கும் நல்ல வருவாய் தந்தது. அங்கு மசியலைவிட, தேங்காய்ப்பால் விட்ட வெள்ளைக் கறியும், தூள் போட்ட பிரட்டலும் பெருவழக்கு. பிரட்டலில் கிழங்கைத் துண்டு குலையாமல் எடுப்பதே கைத்திறனாகக் கொள்ளப்படும்.